சாக்பீஸில் எழுதிய ஒரு சொல்

சிட்னியில் மேடை நிகழ்ச்சிகளுக்கு க்யூ சொல்லும் வேலையில், அதாவது விளக்கும் திரையும் எந்த நொடியில் மாற வேண்டும் என்று குரல் கொடுக்கும் வேலையில், பதினாறு வருஷமாக இருக்கிறேன். இருட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எல்எக்ஸ் 42 ஸ்டாண்ட்பை... கோ" (42ஆம் விளக்கு மாற்றத்துக்குத் தயாராகு... இப்போது செய்) என்று சரியான நொடியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலைக்கு வந்த நாள் முதல் மூத்த லைட்டிங்காரர்கள் வாயில் அடிக்கடி கேட்ட பெயர் இக்னேஷியஸ் ஜோன்ஸ். 2024 மே மாதம் பிலிப்பைன்ஸில் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததிலிருந்து அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மணிலாவில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு சிட்னிக்கு வந்தவர். 1970களின் பின்பாதியில் 'ஜிம்மி அண்ட் தி பாய்ஸ்' என்ற ராக் குழுவின் பாடகர். பீர் வாடை வீசும் பப் மேடைகளில் தோல் உடையும் அப்பிய மையுமாக நின்று, உடம்பை ரப்பர் மாதிரி வளைத்து முறுக்கிக்கொண்டே பாடுவார்; பக்கத்தில் கீபோர்டு வாசித்தவர் பெண் வேடத்தில் இருப்பார். பார்க்க வந்தவர்களை அதிர வைப்பதுதான் அந்தக் குழுவின் நோக்கமே. அப்படிப்பட்டவர்தான் பிறகு சிட்னி 2000 ஒலிம்பிக் விழாக்களை உருவாக்கியவர்களில் ஒருவரானார், 2002 மே மாதம் கிழக்குத் திமோர் சுதந்திர விழாவை நடத்திக்கொடுத்தார், விவிட் சிட்னி ஒளி விழாவைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார்.

இதைக் கேட்பவர்கள் "எங்கே ஆரம்பித்து எங்கே போய்விட்டார்!" என்று ஆச்சரியப்படுவார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அவர் எங்கேயும் போய்விடவில்லை, செய்த வேலையையேதான் இன்னும் பெரிய இடத்தில் செய்தார் என்றுதான் தோன்றுகிறது. குடித்துவிட்டுக் கத்தும் இருநூறு பேரைத் தன் ஒரு உடம்பால் திரும்பிப் பார்க்க வைத்தவனுக்கு, லட்சம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கிலும் கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பது தெரிந்திருக்கும். 2000 செப்டம்பர் 15 தொடக்க விழாவை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் முதலில் வருவது ஒரே ஒரு குதிரைக்காரர்! குதிரை முன்னங்காலைத் தூக்குகிறது, அவர் சாட்டையைச் சொடுக்குகிறார், அதற்கப்புறம்தான் மற்ற நூற்றிருபது குதிரைகளும் வருகின்றன. எல்லாக் குதிரைகளையும் ஒரேயடியாக ஓடவிட்டிருந்தால் புழுதிதான் மிஞ்சியிருக்கும்.

அதற்கு முந்தைய புத்தாண்டு இரவில் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. ஆர்தர் ஸ்டேஸ் என்று ஒருவர் சிட்னியில் இருந்தார். வறுமையிலும் குடியிலும் சீரழிந்து, ஒரு பிரசங்கம் கேட்டு மனம் மாறியவர். சரியாக எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனால் 1932இல் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேலாக, விடிவதற்கு முன்பே எழுந்து போய், நடைபாதைகளில் சாக்பீஸால் 'எடர்னிட்டி', அதாவது நித்தியம், என்ற ஒரே சொல்லை அழகான சாய்வெழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். மழை பெய்தால் அழிந்துபோகும், மறுபடி எழுதுவார். 1999 டிசம்பர் 31 நள்ளிரவில், உலக நகரங்களெல்லாம் வாணவேடிக்கையில் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, ஹார்பர் பாலத்தின் மேல் அதே கையெழுத்தில் அந்தச் சொல்லை எரிய விட்டார் ஜோன்ஸ். முட்டி போட்டு எழுதிய ஒரு மனிதனின் எழுத்து ஊரே அண்ணாந்து பார்க்கும்படி நின்றது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ, இப்போதும் தொண்டை அடைக்கிறது.

கண் போய் நிற்க ஒரே ஒரு ஆள் போதும் என்பதை என் வேலையில் நான் பட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் விருது விழா. பெரிய எல்இடி திரை இரண்டாகப் பிரிய, நடுவிலிருந்து பாடகி வர வேண்டும். நான் கோ சொன்னேன், திரை அசையவில்லை. கை வேர்த்து, "ஸ்டாண்ட்பை, ஸ்டாண்ட்பை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டு அரங்கில் ஒவ்வொரு ஃபோனாக ஒளிர ஆரம்பித்தது. அந்தப் பெண் என் க்யூவுக்குக் காத்திருக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து நடந்து வந்து, மைக்கும் இல்லாமல், கையைத் தட்டிக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டார். ஃபோன்கள் அணைந்தன. மேடையில் நகர்பவர் மேல் விளக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஃபாலோ ஸ்பாட் பையன் தானாகவே அவரைத் தேடிப் பிடித்தான். நான் க்யூவே சொல்லவில்லை.

2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் விழாக்களிலும் ஜோன்ஸ் பணியாற்றினார். தொடக்க விழாவில் தீபத்துக்கான நான்கு தூண்களில் ஒன்று எழும்பவே இல்லை, அதை ஏற்ற வேண்டிய கனடா ஸ்கேட்டிங் வீராங்கனை கேட்ரியோனா லெமே டோன் ஏற்றாத தீபத்தோடு நின்றார். நிறைவு விழாவை அவர்கள் எங்கே ஆரம்பித்தார்கள் தெரியுமா? அதே தூணில். ஒரு கோமாளி வந்து பிளக்கைச் செருகி, தூணைக் கயிறு கட்டி இழுப்பது போல நடித்துத் தூக்கி நிறுத்த, லெமே டோன் வந்து ஏற்றினார். பிழையை மறைக்காமல் அதையே எடுத்துக் கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பது பப் மேடையில் பழகியவர்களுக்குத்தான் கைவரும் என்று நான் நம்புகிறேன்.

போன வருஷம் பல கிளைகள் உள்ள ஒரு கடை நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. முதல் காட்சியில் அறுபது நடனக்காரர்கள் என்று ரன் ஷீட்டில், அதாவது நிகழ்ச்சி நிரலில், இருந்தது. முதல் கடையில் வேலை பார்த்த அம்மா ஒருவர் அன்று வருகிறார் என்று தெரிந்ததும், அவரை மட்டும் தனியாக நடக்க விடலாமே என்று டைரக்டரிடம் கேட்டேன். முதலில் தயங்கினார், அப்புறம் சரி என்றார். அந்த அம்மா பழைய கடைச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடுமேடைக்கு வந்து நின்று, அதைத் தூக்கிக் காட்டினார். அடுத்த க்யூவுக்கு நேரம் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, இன்னும் நாலைந்து நொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைட் போர்டில் இருந்தவனும் ஏன் என்று கேட்கவில்லை.