பெண்கடலும் ஆண்கடலும்

"பெண்கடல் எங்க முடியுது தாத்தா?" என்று தனுஷ்கோடியின் கடைசி மணல்முனையான அரிச்சல்முனையில் ஒரு சிறுமி கேட்டதற்கு, வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே, "வாடைக்காத்து அடிச்சா இதுவும் ஆண்கடல்தான் தாயி" என்றார்.

அமைதியான வடபுறக் கடலைப் பெண்கடல் என்றும் சீறும் தென்புறக் கடலை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். மணல் நுனியில் இரு பக்கத்து அலைகளும் குறுக்காக வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நடுவே ஒரு நுரைக்கோடு தோன்றியது. அடுத்த அலை அதை அழித்து வேறிடத்தில் வரைந்தது.

'நான்' என்பதும் இப்படி ஒரு கோடுதானோ?

1896இல் மதுரையில், 16 வயதில், திடீரென்று மரண பயம் பற்றிக்கொள்ள, பிணம்போல் படுத்துச் சாவது எது என்று தேடிய வேங்கடராமன், பின்னாளில் ரமணராகி, 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று ஆராய்ந்தால் அது அடங்கிவிடும் என்றே சொல்லிவந்தார். பௌத்தமோ நிலையான ஆன்மாவே இல்லை என்றது.

சைவ சித்தாந்தம் இரண்டுக்கும் ஒப்பவில்லை. உயிர் மெய், அதை மறைப்பது ஆணவ மலம் என்னும் 'நான்' என்ற முனைப்பின் அழுக்கு.

எனக்கு இதுவே நெருக்கம். கோடு பொய் என்பதால் தண்ணீரும் பொய்யாகிவிடுமா? (நனைந்த வேட்டியோடு நின்றவன் வேறெப்படிச் சொல்வான்!)

"அப்ப நான் இப்ப எதுல நிக்கிறேன்?" என்றாள் சிறுமி.

பெரியவர் பாசியை உதறிவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனார்.