ஸ்னேர் முந்தணும், கிக் பிந்தணும்: டில்லா தாளத்தோடு மூன்று வாரம்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வந்துவிட்டது. நாலு பார் லூப்தான், திரும்பத் திரும்பச் சுற்றும் சின்னத் தாளம். ஆனால் தலை தானாக ஆடியது. மூன்று வாரமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் டிரம்ஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் "குவான்டைஸை ஆஃப் பண்ணிட்டுத் தட்டினார், அவ்வளவுதான்" என்பார்கள். குவான்டைஸ் என்றால், தட்டின அடியை மெஷினே சரியான நேரத்துக்கு இழுத்து வைப்பது. அதை நம்பி முதல் வாரம் முழுக்கப் பேடில் தட்டினேன். வந்தது தடுமாற்றம், டில்லா வரவில்லை. அடுத்த வாரம், மனிதன் வாசித்த மாதிரி நேரத்தைத் தாறுமாறாக்கும் ஹியூமனைஸ் போட்டு எல்லா அடியையும் கலைத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம். எல்லாமே தள்ளாடினால் எது தள்ளாடுகிறது என்றே காதுக்குப் பிடிபடாது.

டில்லா வைத்திருந்த அகாய் எம்பிசி 3000 என்ற டிரம் மெஷின் ஒரு பீட்டை 96 துண்டாகப் பிரிக்கும். நிமிஷத்துக்கு 90 பீட் (90 பிபிஎம்) வேகத்தில் ஒரு துண்டு கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட். கையால் தட்டியதோடு விடாமல், ஸ்னேரை (பளீரென்ற அடி) ஓரிரு துண்டு முன்னே தள்ளுவது, கிக்கை (தும்மென்ற கால் டிரம் அடி) பின்னே இழுப்பது என்று அந்த மெஷினுக்குள்ளேயே வேலை பார்த்திருக்கிறார். அது புரிந்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. ஏதாவது ஒன்று அசையாமல் நிற்க வேண்டும். ஹை-ஹாட்டை, அதாவது ஜால்ரா மாதிரியான சின்னத் தட்டுச் சத்தத்தை, நேரக் கட்டத்தில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தினேன். ஸ்னேரை 7 மில்லிசெகண்ட் முன்னே தள்ளினேன், ஒன்றும் தெரியவில்லை. 21 தள்ளினால் பிசகு மாதிரி கேட்டது. 14-இல் உட்கார்ந்தது. கிக்கில் பாரின் முதல் அடி நேர். அதற்குப் பின்னால் வருகிறவை மட்டும் 20 தாமதம். முதல் அடியையும் பிந்த விட்டால் பாட்டே சோம்பிப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க மட்டும் நாலு ராத்திரி.

சத்தமெல்லாம் வீட்டில் எடுத்தது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்றைச் சுருட்டிய கயிற்றின் மேல் வைத்து, வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டினேன். முட்டை வெள்ளைக்கரு பூசின சுவர் அதைப் பளிச்சென்று திருப்பிக் கொடுக்கிறது, ரிவெர்ப் என்ற செயற்கை எதிரொலியே தேவைப்படவில்லை. கிக்குக்கு உரல். உலக்கையை இறக்கினதும் அடுப்படியிலிருந்து அப்பத்தா சத்தம் போட்டது: "வெறும் உரல்ல குத்தாதடா, வீட்டுக்கு ஆகாது!" ஒரு கை அரிசி போட்டுவிட்டுக் குத்தினேன். அந்த நறநறப்பு கிக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி அரிசி இல்லாமல் உரலில் ரெக்கார்டிங் கிடையாது.

சாம்பிளுக்கு, அதாவது பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டுக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள்தான். தூண், கதவு, பீங்கான் எல்லாவற்றுக்கும் பின்னால் இசைத்தட்டுக் கட்டு கிடக்கும். கீறல் இருந்தால் விலை குறையும், நமக்கு வேண்டியதும் அந்தக் கரகரப்புதான். இசைத்தட்டை ஓட்ட ஆன்லைனில் வரவழைத்த ஊசி முனை உடைந்து வந்தது, திருப்பி அனுப்பியும் இன்னும் பணம் வரவில்லை. ஊசியை மட்டும் நேரில் பார்த்து வாங்குங்கள்.

டெட்ராய்டில் 1974-இல் பிறந்த ஜேம்ஸ் யான்சிதான் டில்லா. அரிய ரத்த நோயும் லூபஸும் சேர்ந்து உடம்பை உருக்கிக்கொண்டிருந்த காலத்தில், 31 டிராக்குகள் கொண்ட 'டோனட்ஸ்' ஆல்பம் வெளிவந்தது. அன்று 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-ஆவது பிறந்தநாள். மூன்றே நாளில் போய்விட்டார். மெஷினில் அவர் செய்ததை குவெஸ்ட்லவ், கிறிஸ் டேவ் மாதிரி டிரம்மர்கள் உட்கார்ந்து கையாலும் காலாலும் பழகினார்கள். மெஷினைப் பார்த்து மனிதன் தாளம் கற்றுக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. அந்த எம்பிசி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொடுத்தவர் அவருடைய அம்மா.

பேஸ் (அடிநாத ஸ்வரங்கள்) இன்னும் போடவில்லை. கிக்கோடு சேர்ந்து பிந்த வேண்டுமா, ஹை-ஹாட்டோடு நேராக நிற்க வேண்டுமா என்று இரண்டு விதமாகவும் வாசித்து வைத்திருக்கிறேன். அதற்குள் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுத் தேக்குக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் காதிலேயே நிற்கிறது. சனிக்கிழமை ரெக்கார்டரோடு போகிறேன்.