டிரைபாலஜி பேப்பரை இரண்டாவது தடவை எழுதித் தேறிய கதை

டிரைபாலஜி என்றால் உராய்வு, தேய்மானம், மசகு பற்றிய பாடம். அதன் ரிசல்ட் வியாழக்கிழமை வந்தது. ஏ மைனஸ். போன வருடம் இதே பேப்பரில் தோற்றவள் என்பதால் நம்பிக்கை வராமல் மூன்று தடவை திறந்து பார்த்தேன், அதுவும் மாமரத்தடிக்குப் போய்த்தான், எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் அடுத்த செமஸ்டர் இந்தப் பாடம் எடுக்கிறார்கள், "அக்கா எப்படிப் படிச்சீங்க" என்று ஆளுக்கு ஒரு நாள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கேள்வித்தாள் அமைப்பு, கேரி மார்க் (செமஸ்டர் நடுவே சேரும் மார்க்) எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக நான் விழுந்த குழிக்கு வருகிறேன்.

முதல் தடவை வந்த 20 மார்க் கேள்வி இது. நகர நெரிசலில் ஓடும் காடி (கார்), சிக்னலில் இன்ஜின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வகை. கிராங்க் ஷாஃப்டை (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) தாங்கும் மெயின் பேரிங்குக்குக் கெட்டியான 10டபிள்யூ-40 எண்ணெய்க்குப் பதில் இளகலான 0டபிள்யூ-20 போட்டால் உராய்வு என்னவாகும், டிசைனில் எதை மாற்றுவாய்? நான் இரண்டு பக்கம் எழுதினேன், அழகான கையெழுத்தில். எண்ணெய் இளகினால் உராய்வு குறையும், பெட்ரோல் மிச்சமாகும், கார்பன் டை ஆக்சைடு குறையும், கூடவே எண்ணெய்ப் படலத்தின் உராய்வைக் கணக்கிடும் பெட்ரோஃப் சமன்பாடு. கிடைத்தது 4 மார்க். விரிவுரையாளரிடம் போய் நின்றேன். "இன்ஜின் நிற்கும்போது என்ன நடக்குது?" என்று ஒரே கேள்வி கேட்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

பெட்ரோஃப் கணக்கு எண்ணெய்ப் படலம் முழுசாக இருக்கும்போது மட்டும்தான் செல்லும். ஷாஃப்ட் நின்றால் படலம் போச்சு, உலோகமும் உலோகமும் ஒட்டி உட்கார்ந்துவிடும். கிளம்பும் ஒவ்வொரு தடவையும் பேரிங் ஸ்டிரைபெக் கோட்டின் இடது முனையிலிருந்து தொடங்கி வலது பக்கம் ஓடியாக வேண்டும். உராய்வு எப்படி மாறும் என்று காட்ட 1902-இல் வந்த வரைபடக் கோடு அது. அடி அச்சில் எண்ணெயின் பாகுத்தன்மை பெருக்கல் வேகம் வகுத்தல் சுமை, நிமிர்ந்த அச்சில் உராய்வு. இடது பக்கம் உயரம், நடுவில் ஒரு பள்ளம், அப்புறம் வலது பக்கம் மெதுவாக ஏறும். பள்ளத்துக்கு வலப்பக்கம் நிற்கிறவன் எண்ணெயை இளக்கினால் சரிவில் இறங்குவான், லாபம். பள்ளத்திலேயே நிற்கிறவன் இளக்கினால் இடது சுவரில் ஏறுவான், உராய்வும் கூடும், தேய்மானமும் கூடும். ஆக 0டபிள்யூ-20 ஓடும்போது நல்லது, கிளம்பும்போது ஆபத்து. அதனால்தான் இந்த வகை இன்ஜின்களில் பேரிங் ஷெல்லுக்கு (ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் மெல்லிய உலோக ஓடு) பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள், ஷாஃப்டையும் இன்னும் வழவழப்பாக இழைக்கிறார்கள். இந்த நாலு வரியை எழுதியிருந்தால் ஒரு செமஸ்டர் மிச்சம்.

ஆகவே என் ஒரே உபதேசம்: தாளைத் திருப்பியதும் கேள்வியைப் படிக்கும் முன்பே மூலையில் இந்தக் கோட்டை வரையுங்கள். பேரிங் எங்கே நிற்கிறது என்று ஒரு புள்ளி வையுங்கள், நீங்கள் செய்யும் மாற்றம் அதை எந்தப் பக்கம் தள்ளும் என்று ஒரு அம்பு போடுங்கள். அதற்கு அப்புறம்தான் எழுத்து. பாதிப் பாடம் இதுதான் என்பேன். இல்லை என்பவர்கள் முதல் தடவையே தேறியவர்களாக இருப்பார்கள்.

லீவில் கூட்டாளிகளோடு சேர்ந்து படிக்கவில்லை. கூட்டுப் படிப்பு எனக்கு ஆகாது, பத்து நிமிடத்தில் பேச்சு கல்யாணத்துக்குப் போய்விடும். காலையில் பசியாறிவிட்டு மாமாவின் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள்தான் அங்கே அதிகம். முன் சக்கர ஹப்பில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் (ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்த உருளைகள் வைத்தது) இருக்கும். மாமா ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குவார், அப்புறம் கொஞ்சம் தளர்த்துவார், கையால் ஒரு சுற்று விட்டுக் காதை வைத்துக் கேட்பார். "இறுக்கியே விட்டா ஆலைக்குப் போய்ச் சேருறப்ப ஹப்பத் தொட முடியாது பாப்பா." புத்தகத்தில் ப்ரீலோட் (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) என்று மூன்று பக்கம் படித்து ஏறாதது அந்த ஒரு சுற்றில் ஏறியது. இன்னொரு நாள் கிரீஸை நான் ஹப் நிறைய அடைத்தேன். "வயிறு முட்டத் தின்னவன் ஓடுவானா?" என்று பாதியை வழித்துப் போட்டார். அதுதான் சர்னிங் லாஸ், கிரீஸைக் கடைவதிலேயே வீணாகும் சக்தி. உள்ளே இருக்கும் காலி இடத்தில் 30 முதல் 50 சதவீதம் கிரீஸ் போதும் என்பது பொது விதி. கழற்றிப் போட்ட பழைய ரோலரைத் துடைத்துப் பார்த்தேன், பெரிய முனையில் மட்டும் ஒரு வளையம் கண்ணாடி மாதிரி மின்னியது. ரோலர் அந்த முனையில் உருளவில்லை, ரேஸின் (ரோலர் ஓடும் வளையம்) விளிம்பில் வழுக்கிக்கொண்டு போகிறது. டேப்பர் ரோலரின் உராய்வில், வேகம் குறைந்த இடத்தில், இந்த வழுக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது தடவை டிஃபரன்ஷியல் பினியன் பேரிங் வந்தது, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் சின்னப் பல்சக்கரத்தைத் தாங்குவது. டேப்பர் ரோலரை எடுத்துவிட்டு இரட்டை வரிசை டாண்டம் ஆங்குலர் கான்டாக்ட் பால் பேரிங் (பக்கவாட்டுச் சுமையும் தாங்கும் குண்டு பேரிங்) போடலாம், விளிம்பு வழுக்கல் போகும் என்று எழுதினேன். கூடவே ஆயுள் கணக்கும் போட்டேன், அங்கேதான் பாதிப் பேர் தவறினார்களாம்.

மார்க் போகும் இடங்கள்:
- எல்-10 ஆயுளில் (நூறு பேரிங்கில் 90 தாங்கும் ஆயுள்) பால் பேரிங்குக்கு அடுக்கு 3, ரோலர் பேரிங்குக்கு 10/3. பேரிங் மாறினால் அடுக்கும் மாறும்.
- உராய்வு முறுக்கம் = 0.5 × உராய்வுக் குணகம் × சுமை × உள்விட்டம். அந்த 0.5-ஐ விட்டால் விடை இரட்டிப்பாகும். டேப்பர் ரோலருக்குக் குணகம் 0.0018, 4000 நியூட்டன், 40 மிமீ என்றால் 144 நியூட்டன் மிமீ. வினாடிக்கு 83 ரேடியன் வேகத்தில் 12 வாட்.
- ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) இழுவை இதில் சேராது, தனியாகக் கூட்டவும். சக்கர பேரிங்கில் அதை விட்டால் விடையே பொய்.
- கால்குலேட்டர் பேட்டரி. சிரிக்காதீர்கள்.

கடைசிப் பகுதியில் உராய்வில் மிச்சமான வாட்டைக் குறையும் புகையாக மாற்றச் சொல்வார்கள், பலர் வெறும் பத்தி எழுதிவிட்டு வருகிறார்கள். எண் போடுங்கள். நாலு சக்கரத்திலும் 60 வாட் மிச்சம், இன்ஜின் திறன் 25 சதவீதம் என்றால் எரிபொருளில் 240 வாட். ஒரு மணி நேரத்துக்கு 0.864 மெகாஜூல். லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 32 மெகாஜூல் என்று வைத்தால் 0.027 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 62 கிராம். மணிக்கு 90 கிலோமீட்டர் ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 0.7 கிராம். சின்னத் தொகை மாதிரி தெரியும், ஆனால் ஐரோப்பாவில் புதுக் காடிகளுக்குச் சராசரி இலக்கு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்று வைத்தபோது இப்படி ஒவ்வொரு கிராமாகத்தான் தேடினார்கள். அந்த ஒப்பீட்டை ஒரு வரி எழுதினேன், மார்க் விழுந்தது என்று நினைக்கிறேன்.

வைவா (வாய்மொழித் தேர்வு) பற்றிக் கேட்காதீர்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, பாதி நேரம் லாரியைப் பற்றித்தான் பேசினோம். என் நோட்டு வேண்டுமென்றால் தங்கச்சியிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். 14-ஆம் பக்கம் மட்டும் படிக்க வராது, மாமா கிரீஸ் கையோடு புரட்டிவிட்டார்.