நேத்துப் பூ

12 ஜனவரி 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமைலேர்ந்து மழை விடவே இல்ல. சிங்கப்பூர்ல, ஈசூன்ல எங்க புளோக் கீழ தரையெல்லாம் ஈரம், துணி காயல, கேமராவைத் தூக்கிட்டு வெளிய போறதுங்கற பேச்சுக்கே இடமில்ல, அதனால போன வாரம் லிட்டில் இந்தியா தேக்காவுல எடுத்த பூக்காரக்கா படத்தை வெச்சு நோண்டிட்டு இருந்தேன். அக்கா மல்லி கட்டற கை, கீழ குவிச்சு வெச்ச பூ, அவ்ளோதான் படம். எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. குடும்ப குரூப்புல போட்டேன்.

பத்து நிமிஷத்துல பதினாலு தம்ஸ் அப், ஆறு ‘சூப்பர்’, ஒரு கும்பிடு. கும்பிடு எதுக்குன்னு இன்னும் புரியல. தஞ்சாவூர் சித்தப்பா ஒரு படி மேல போயி, படத்து மேலயே மஞ்ச எழுத்துல ‘இனிய காலை வணக்கம்’னு எழுதி ஓரத்துல ரெண்டு ரோஜாப்பூ ஒட்டி எனக்கே திருப்பி அனுப்பிட்டாரு. மல்லிப்பூ படத்துக்கு ரோஜாப்பூ அலங்காரம்! வீட்டுக்காரர்கிட்ட ‘இதைப் பாருங்களேன்’னேன், ‘நல்லாருக்கு’ன்னாரு. நான் இன்னும் ஃபோனை அவரு பக்கம் திருப்பவே இல்ல.

ஒரு வருஷமாச்சு. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல செகண்ட் ஹேண்டா கேமராவும் ஒரு ஃபிஃப்டி எம்எம் லென்ஸும் சேர்த்து 620 வெள்ளி குடுத்து வாங்கினது. ஈரத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிச்சிடும்னு கடைக்காரர் பயமுறுத்தினதுல உள்ள ஈரம் ஏறாம வெச்சுக்கற ட்ரை கேபினட் பெட்டி வேற வாங்கி, அரிசி டப்பா பக்கத்துல வெச்சு, ஈரப்பதம் 45ல நிக்குதான்னு காலையில சாமி கும்பிடறதுக்கு முன்னாடி அதைத்தான் பாக்கறேன். இவ்ளோ பண்றோம், எடுக்கற படம் தேறுமா தேறாதான்னு ஒருத்தராவது உண்மையா சொன்னா தேவலை.

18 ஜனவரி, சனி

சொன்னாங்க.

ஆபீஸ்ல கூட வேலை செய்யற பொண்ணு மூலமா தெரிஞ்ச கூட்டம் இது, ஒருத்தர் எடுத்த படத்தை மத்தவங்க பாத்துக் கருத்து சொல்றது. ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, தேக்கா சாப்பாட்டுக் கடைங்க பக்கம் ஒரு மேசை. பஸ் ஓட்டற அண்ணன் ஒருத்தரு, பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருத்தன், அப்புறம் ஸ்டூடியோ மாமா. மாமாவுக்கு எழுபது தாண்டியிருக்கும், ஒரு காலத்துல ஜாலான் புசார் பக்கம் ஸ்டூடியோவுல டார்க் ரூம் வேலை பாத்தவரு. சட்டம் எல்லாம் அவரு போட்டதுதான். ஃபோன்ல காட்டக்கூடாது, 4ஆர், அதாவது ஆறுக்கு நாலு இன்ச் பிரிண்ட் அஞ்சு கொண்டு வரணும், மத்தவங்க பேசி முடிக்கற வரைக்கும் படம் எடுத்த ஆளு வாயைத் திறக்கக்கூடாது.

நான் தே தாரிக் கிளாஸைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

மாமா நல்லாருக்கு நல்லால்லன்னு எதுவும் சொல்லல. பூக்காரக்கா படத்தை நடுவுல வெச்சு, ‘கண்ணு முதல்ல எங்க போச்சு?’ன்னு மட்டும் கேட்டாரு. பஸ் அண்ணன், ‘கூடைக்கு’ன்னாரு. தம்பியும் கூடைதான். எந்தக் கூடைன்னு குனிஞ்சு பாக்கறேன், இடது ஓரத்துல ரத்தச் சிவப்புல பாதி பிளாஸ்டிக் கூடை! நான் எடுத்து, நான் எடிட் பண்ணி, ஒரு வாரமா வால்பேப்பரா வெச்சிருக்கற படம், சத்தியமா அந்தக் கூடையை இன்னைக்குத்தான் பாக்கறேன். தம்பி இன்னொண்ணும் சொன்னான், ‘ஆன்ட்டி, பின்னாடி சுவத்துல கோடு கோடா ஓடுதே’ன்னு. அதுவும் இருந்துச்சு.

மாமா சட்டைப் பையிலேர்ந்து ரெண்டு அட்டை எடுத்தாரு. கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவை ‘ட’ மாதிரி வெட்டி கருப்பு அடிச்சது. ரெண்டையும் எதிரெதிரா படத்து மேல வெச்சு மெதுவா உள்ள நகத்தினாரு, கூடை போச்சு, சுவரு போச்சு, கையும் பூவும் மட்டும் நின்னுச்சு. ‘இது உன் படம்மா. மிச்சம் நீ கூட்டிட்டு வந்த கும்பல்’ன்னாரு.

நன்றின்னு சொல்லிட்டு வந்தேன். எம்ஆர்டி ரயில்ல வரும்போது அழுகை வந்துச்சு, எதுக்கு பொய் சொல்லணும்.

21 ஜனவரி, செவ்வாய்

பூக்காரக்காவை அன்னைக்கு எடுத்த 212 படத்தையும் ராத்திரி மறுபடி ஓட்டிப் பாத்தேன். முக்காவாசில கூடை இருக்கு. ஒண்ணுல கூடை மட்டும்தான் தெளிவா இருக்கு, அக்கா அவுட் ஆஃப் ஃபோகஸ்.

கோடு விஷயத்தைத் தம்பிகிட்ட மெசேஜ்ல கேட்டுப் புரிஞ்சுக்கிட்டேன். இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால கடையில தொங்கற மலிவு எல்இடி லைட்டு நம்ம கண்ணுக்குத் தெரியாம நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியுதாம். நான் பெரிய இவளாட்டம் ஷட்டர் ஸ்பீடை 1/500ல, அதாவது நொடியில ஐநூத்துல ஒரு பங்குல வெச்சிருந்தேன், ஷட்டர் மேலேர்ந்து கீழ ஓடறதுக்குள்ள லைட்டு ஏறி இறங்கி, படத்துல ஒரு பட்டை வெளிச்சம் ஒரு பட்டை இருட்டுன்னு விழுந்திருக்கு. 1/100 இல்ல 1/50 வெச்சா சரியாயிடுமாம். கை ஆடாம இருக்கணும், அவ்ளோதான். ‘சூப்பர்’ சொன்ன ஆறு பேர்ல ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம்.

1 பிப்ரவரி, சனி

சீனப் புத்தாண்டு பிறந்து நாலாவது நாள், பாதிக் கடை மூடியிருக்கு, மேசைக்கு மாமாவும் நானும்தான் வந்தோம். கோடு போகட்டும்னு படத்தைக் கருப்பு வெள்ளை ஆக்கிட்டுப் போயிருந்தேன். கோடு நெறமாவா இருந்துச்சு, போறதுக்கு? அது வெளிச்சம்ல. வீட்ல மாமியார் ஏற்கனவே பாத்துட்டு ‘ஏன்டி, யாரு செத்துட்டா?’ன்னு கேட்டிருந்தாங்க. மாமாகிட்ட சொன்னதும் ரொம்ப நேரம் சிரிச்சாரு.

அப்புறம் அவரு கதை சொன்னாரு. ஸ்டூடியோவுல வர்ற ஒரே விமர்சனம், ‘பொண்ணு கருப்பா தெரியறா’. கல்யாணப் படம் குடுத்தா மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு ரெண்டும் இதே பாட்டு. பேப்பர்ல வெளிச்சம் விழ விழ கருப்பாகும், அதனால கம்பி நுனியில சின்ன வட்ட அட்டையை ஒட்டி, ஃபிலிமைப் பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்கற என்லார்ஜர் விளக்கு எரியற அந்தப் பத்து பதினஞ்சு நொடியில பொண்ணு முகத்துக்கு மேல மட்டும் மறைச்சு மறைச்சு ஆட்டணும். ஆட்டாம நிறுத்தினா முகத்தைச் சுத்தி வட்டம் விழுந்து அம்மன் படம் மாதிரி ஆயிடுமாம். மேசை மேல கையை வெச்சு ஆட்டிக் காட்டினாரு, ஆள்காட்டி விரலு கட்டை விரலு நடுவுல இல்லாத கம்பி, மணிக்கட்டு மட்டும் லேசா நடுங்குது, அந்த நடுக்கம் வயசா பழக்கமான்னு என்னால கண்டுபிடிக்க முடியல. ‘எத்தனை பொண்ணுங்களை வெள்ளையாக்கினேன், ஒருத்தி கூட நான் வெள்ளையா வேணும்னு கேட்டதில்லம்மா, கேட்டதெல்லாம் கூட வந்தவங்கதான்’ன்னாரு.

என் படத்தைப் பத்தி அன்னைக்கு ஒண்ணும் பேசல. நானும் கேக்கல.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

லீவு போட்டேன். 1968லேர்ந்து இது இங்க பொது விடுமுறை இல்லங்கறதை ஒவ்வொரு வருஷமும் லீவு ஃபாரம் ஞாபகப்படுத்துது.

ஈசூன்லேர்ந்து விடியறதுக்கு முன்னாடி ரயிலைப் பிடிச்சு ஃபேரர் பார்க்ல இறங்கினேன். ஏர்கான்லேர்ந்து வெளிய வந்த உடனே லென்ஸ் முழுக்க பனி மூடிக்கிச்சு, துடைக்கத் துடைக்க மறுபடி மூடுது, பைக்குள்ளயே மூடி வெச்சு கால் மணி நேரம் விட்டா தானா சரியாகும்னு அனுபவஸ்தங்க சொல்லியும் அவசரத்துல மறந்துட்டேன். பெருமாள் கோயில்லேர்ந்து காவடிங்க சிராங்கூன் ரோட்ல வந்துட்டே இருக்கு, நான் முந்தானையால லென்ஸைத் துடைச்சிட்டு இருக்கேன்.

ஏழே கால் வரைக்கும் சூரியன் வராது, வந்தா சட்டுனு மேல ஏறிடும். நம்ம ஊரு வெளிச்சம் அப்படி, பூமத்திய ரேகைக்குப் பக்கம், சாவகாசமா நின்னு எடுக்க விடாது. இருட்டுக்காக கேமராவோட ஐஎஸ்ஓவை 6400க்கு ஏத்தி எடுத்தேன். காவடியை விட, காவடி எடுத்தவரு செருப்பைத் தன் கையில ரெண்டு விரல்ல தொங்கவிட்டு, இன்னொரு கையில தண்ணி பாட்டிலோட ஓரமா நடந்து வந்த ஒரு அம்மாவைத்தான் அதிகம் எடுத்தேன். டேங் ரோடு முருகன் கோயில் வரைக்கும் அந்தச் செருப்பைக் கீழ வைக்கவே இல்ல அவங்க.

15 பிப்ரவரி, சனி

செருப்புப் படத்துக்கு மாமா தலையாட்டினாரு. ரெண்டு தடவை. அட்டையை வெளிய எடுக்கவே இல்ல. எனக்குத் தலைகால் புரியல, அந்தத் திமிர்லதான் அடுத்தது நடந்துச்சுன்னு நினைக்கிறேன்.

தம்பி ஆயிரத்துச் சொச்சம் எடுத்து அதுலேர்ந்து அஞ்சு பிரிண்ட் கொண்டு வந்திருந்தான். முதல் படம், நாக்குல வேல் குத்தின ஒருத்தரு முகம், ரொம்பக் கிட்ட, நெத்தி விபூதி வேர்வையில கரையுது. நான் பெரிய மனுஷி மாதிரி ஆரம்பிச்சேன். ‘இது எல்லாரும் எடுக்கற படம்ப்பா, டூரிஸ்டு வந்தாலும் இதைத்தான் எடுப்பான், அலகு குத்தினா உடனே க்ளோஸ்அப், இதுல நீ எங்க இருக்க?’ன்னு என்னமோ பேசினேன். அவன் சட்டப்படி வாயைத் திறக்கல. பஸ் அண்ணன் ஃபோகஸ் பத்திச் சொன்னாரு. மாமா ஒண்ணும் சொல்லல. எல்லாரும் முடிச்சப்புறம்தான் தம்பி சொன்னான்.

‘அது எங்கப்பா, ஆன்ட்டி.’

கூடவே நடந்துட்டு எடுத்திருக்கான். மாமா அட்டை ரெண்டையும் எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. யாரோ சாப்பிட ரோஜாக் சொல்லலாமான்னு கேட்டாங்க.

19 பிப்ரவரி, புதன்

நாலு நாளா மன்னிப்பு மெசேஜ் டைப் பண்ணி அழிச்சிட்டு இருக்கேன். ‘உன் படம் நல்லாதான் இருந்துச்சு’ன்னு எழுதினா பொய்யா தெரியுது, உண்மையில நல்லாதான் இருந்துச்சு, அதான் கொடுமை. அன்னைக்கு நான் எடுத்ததுல அவங்க அப்பா எங்கயாவது இருக்காரான்னு தேடினேன். ரெண்டு ராத்திரி. கடைசில ஒண்ணு கிடைச்சுச்சு. செருப்பம்மாவுக்குப் பின்னாடி, வலது ஓரத்துல, காவடியோட அவரு, பக்கத்துல கேமராவைத் தூக்கிப் பிடிச்சிட்டு தம்பி. ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல. எதுவும் எழுதாம அனுப்பிட்டேன்.

அரை மணி நேரம் கழிச்சுப் பதில். ‘தேங்க்ஸ் ஆன்ட்டி. ஆனா என் தலையை வெட்டிட்டீங்க.’ சிரிக்கற மூஞ்சி ஒண்ணு. பெருசு பண்ணிப் பாத்தேன், ஆமா, மூக்குக்கு மேல காணோம்.

1 மார்ச், சனி

பூக்காரக்காவை 1/100ல மறுபடி எடுக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி பழைய கலர் படத்தை ஒழுங்கா பிரிண்ட் போட்டுக் குடுக்கணும்னு தோணிச்சு. மாமா அட்டை வெச்ச மாதிரியே கூடையையும் கோடு போட்ட சுவத்தையும் க்ராப் பண்ணி, எங்க பக்கத்து பிரிண்ட் கடையில 8ஆர் குடுத்தேன். கேமரா படம் மூணுக்கு ரெண்டு, 8ஆர்ங்கறது பத்துக்கு எட்டு இன்ச், ரெண்டும் பொருந்தாது, நீளத்துல ரெண்டு பக்கமும் வெட்டுப்படும்னு எனக்குத் தெரியாது. வெள்ளை பார்டர் விடவா, ஃபுல்லா போடவான்னு கேட்டாங்க, நான்தான் ஃபுல்லான்னேன்.

அப்படியே கவர்ல போட்டு மேசைக்குப் போறதுக்கு முன்னாடி பஃப்ளோ ரோட்ல அக்காகிட்ட நீட்டினேன். அக்கா கையை ஈரத்துணில துடைச்சிட்டு வாங்கி, தள்ளிப் பிடிச்சுப் பாத்துச்சு.

‘என்ன பாப்பா, சுண்டு விரலைக் காணோம்.’

‘பிரிண்ட் போடும்போது வெட்டுப்பட்டுருச்சுக்கா.’

‘இது நேத்துப் பூ’ன்னுச்சு அடுத்து. எனக்குப் புரியல. ‘மொட்டு வாய் திறந்துருச்சு பாரு, நுனியில பழுப்பு. அன்னைக்கு ஊர்லேர்ந்து பூ வரல போலருக்கு, மிச்சத்தைக் கட்டிட்டு இருந்திருக்கேன். இதைப் போயி பெருசா போட்டிருக்கியே, பாக்கறவங்க என் கடைப் பூ இப்படித்தான்னு நினைக்க மாட்டாங்க?’

மேசையில இந்தப் படத்தை நடுவுல வெச்சு அவ்ளோ பேசினோம், பூவைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. நானும் பாக்கல. நுனி பழுப்பை நான் எடிட்ல ‘வார்ம்’ ஆக்கி இன்னும் ஏத்தி வேற விட்டிருக்கேன்.

அக்கா இன்னும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்துச்சு.

‘என் கூடை எங்க?’

‘எது, அந்தச் சிவப்புக் கூடையா?’

‘கல்லா பாப்பா அது. பதினோரு வருஷமா அதுலதான் காசு போடறேன். கடையைப் படம் எடுத்துட்டு கல்லாவை விட்டுட்டியே.’

சரின்னு கேமராவை எடுத்தேன். இன்னைக்குப் பூ நல்ல பூவாம், விடியக்காலைல வந்தது, எல்லாம் மூடின மொட்டு. அக்கா ரெண்டு முழம் எடுத்து மடியில போட்டுக்கிச்சு, முடியை ஒதுக்கிச்சு, கூடையை இழுத்து முன்னாடி நடுவுல வெச்சுச்சு. கை மட்டும் எடுக்காத, முகத்தோட எடு, அம்மாவுக்கு அனுப்பணும்னுச்சு. 1/100. நேரா நின்னு, நேரா பாத்து, பாஸ்போர்ட் படத்துக்கு உக்காந்த மாதிரி ஒரு சிரிப்பு.

மேசைக்குப் போகும்போது பத்து மணி தாண்டிடுச்சு. பிரிண்ட் இல்லாம கேமராவை நீட்டினதுக்கு மாமா முறைச்சாரு. அப்புறம் மூக்குக் கண்ணாடியை ஏத்திட்டு ஸ்கிரீனைப் பாத்து, ‘கண்ணு முதல்ல கூடைக்குத்தான் போவுது’ன்னாரு.

‘போகட்டும் மாமா, கல்லா அது’ன்னேன். சட்டத்தை மீறி.