அரை மணி, இரண்டு தடவை

2023 ஜூலை 16, ஞாயிறு. சாட்ஸ்வொர்த், டர்பன்

24ஆம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும். பாப்பாவுக்கு அன்றைக்கு மூன்று மாதம் முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் பிரசவ விடுப்பு நான்கு மாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரசவத் தேதிக்கு நான்கு வாரம் முன்பிருந்தே அதை எடுக்கலாம் என்பதால், கால் வீங்கி உட்கார முடியாமல் போன என்னைப் போன்றவர்கள் அப்போதே எடுத்துவிடுகிறோம். பிள்ளை பிறந்த பிறகு மிஞ்சுவது மூன்று மாதம். அதற்கும் முதலாளி சம்பளம் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. யுஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் விண்ணப்பித்தால் சம்பளத்தில் 66 சதவீதம் வரும், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள். சென்னையில் என் சித்தி மகளுக்கு 26 வாரம், முழுச் சம்பளம். 2017இல் அங்கே சட்டத்தைத் திருத்தியதால் கிடைத்தது. என் கணக்கைச் சொன்னதும் "ஃபாரின்ல இவ்வளவுதானா?" என்று சிரித்தாள்.

துணைக்குக் கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. "மூணு மாசப் பிள்ளைய விட்டுட்டுப் போயி சம்பாதிச்சு என்னட்டி செய்யப் போற?" வீட்டு வாடகையை ராண்டிலிருந்து ரூபாய்க்கு மாற்றிச் சொன்னேன். அதன்பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

ஜூலை 20, வியாழன்

பால் எடுக்கும் பம்ப் வாங்க ஒரு மாலுக்குப் போனோம். பில் போட்டு முடிப்பதற்குள் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். கடைகளுக்கு நடுவே போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, செக்யூரிட்டி வந்து நின்றார். சின்னப் பையன். என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே, தாய்மார்களுக்கு அந்தப் பக்கம் அறை இருக்கிறது மேடம் என்றார். யாரோ அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று கேட்டேன். பதில் இல்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் புரிந்துவிட்டது. "பிள்ள பால் குடிக்கிறதுல இவனுக்கு என்ன இடைஞ்சலாம்?"

காட்டிய அறைக்குப் போய்ப் பார்த்தோம். கழிவறை வரிசையில் கடைசிக் கதவு. உள்ளே டயப்பர் மாற்ற ஒரு பலகை, நிரம்பி வழிகிற குப்பைத்தொட்டி. பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் கை உலர்த்தும் மெஷின் சீறிக்கொண்டே இருந்தது. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. நின்றபடியே கொடுத்தேன்.

அறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தபோது, அக்கா கைக்குழந்தையோடு மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் அலைந்துகொண்டிருந்தாள். ஃபேனும் பெஞ்சும் இருந்தால் அது பெரிய உதவி. அறை இருப்பது வேறு, எழுந்து அறைக்குப் போ என்பது வேறு.

ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைத் தேடினேன். பொது இடத்தில் பால் கொடுக்கக் கூடாது என்று இங்கே எந்தச் சட்டமும் இல்லை. அரசமைப்பின் 9ஆவது பிரிவு எதை வைத்தெல்லாம் பாகுபாடு காட்டக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் கர்ப்பம் இருக்கிறது. பிறந்த பிறகு பால் கொடுப்பது அந்த வரிசையில் இல்லை. மனது வைத்தால் 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி சமத்துவ நீதிமன்றத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் கூரையைப் பார்த்துப் பேசிய அந்தப் பையன் மேலா போய் வழக்குப் போடுவது?

ஜூலை 23, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. வீட்டுக்கார ஆன்ட்டி மாரியம்மன் கோவில் கூழுக்குக் கூட்டிப் போனார். பாரிட்ஜ் பிரேயர் என்று இந்த ஊரில் சொல்வார்கள், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது ஒரு கோவிலில் இருக்கும். அண்டா அண்டாவாகக் கூழ், தூண் தூணாக வேப்பிலை. அம்மா வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முகம் மலர்ந்து பார்த்தேன்.

பாப்பா சிணுங்கவும் காருக்குப் போகலாமென்று எழுந்தேன். ஆன்ட்டி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான், ஆயா, தாத்தா, பெரியம்மா, அப்புறம் சாமிப் பாட்டுகள். மற்றதெல்லாம் டர்பன் ஆங்கிலம். எங்கே போகிறாய் மா, அம்மன் கோவிலில் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒளிந்துகொள்வார்களா என்று கேட்டார். அவருடைய ஆயா கரும்புத் தோட்டத்து வரப்பில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, சர்தார், அதாவது மேஸ்திரி, பார்க்காத நேரத்தில் ஓடிவந்து கொடுப்பாராம். ஆணுக்குக் கொடுப்பதில் பாதிக் கூலிதான் பெண்ணுக்கு, அதிலும் பிடித்துவிடுவான் என்ற பயம்.

ஆனால் ஆன்ட்டியின் தங்கை மகள் அந்த நேரத்தில் காருக்குள்தான் இருந்தாள். ஜன்னலில் டவலைத் தொங்கவிட்டு, வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு, மாமனார் பந்தலில் இருக்கிறாரே என்று. பழைய ஆட்களுக்கு இல்லாத கூச்சம் இந்தத் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அம்மா என் மேல் தன் முந்தானையைப் போட்டு மூடினாள். கூச்சமெல்லாம் இல்லை. "ஊருக் கண்ணு பூராப் பட்டுரும்ட்டி."

ஜூலை 28, வெள்ளி

முதல் வாரம் முடிந்தது. மார்பு பதினொரு மணிக்கே கல்லாகிவிடுகிறது.

தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த நன்னெறித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குப் பிள்ளையின் முதல் ஆறு மாதம் வரை தினம் இரண்டு தடவை அரை மணி நேரம் தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இது சட்டமா, வழிகாட்டியா?" என்றார். நல்ல கேள்வி. வழிகாட்டிதான். நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஆனால் மீறினால் உடனே அபராதம் என்று எதுவும் இல்லை. பெரிய மனதோடு ஸ்டேஷனரி அறைச் சாவியைக் கொடுத்தார்.

அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஏ4 தாள் பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துப் பிடித்துக்கொண்டு பம்ப் பண்ணுகிறேன். முதலில் சொட்டு வராது. போனில் பாப்பா கொட்டாவி விடும் வீடியோவைப் பார்த்தால்தான் இறங்கும். கை கழுவ, பாகங்களை மாட்ட, இரண்டு பக்கமும் எடுக்க, கழுவி வைக்க என்று பார்த்தால் அரை மணியில் பால் எடுக்கும் நேரம் பாதிதான். இன்றைக்கு டோனர் கேட்டு ஒருவர் கதவைத் தட்டினார். காலைப் பலமாக ஊன்றிக்கொண்டேன்.

பொது ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலை யாரோ டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் பழைய மட்டன் கறி மூடியில்லாமல் இருக்கிறது. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

உலகத் தாய்ப்பால் வாரம் தொடங்குகிறது. இந்த வருஷத்துக் கருப்பொருள், வேலைக்குப் போகும் பெற்றோர் தாய்ப்பால் கொடுக்க வழிசெய்வது. எச்ஆரிலிருந்து எல்லாருக்கும் வண்ணப் போஸ்டர் மெயிலில் வந்தது. தாள் பெட்டி மேல் உட்கார்ந்து படித்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

மகளிர் தினம், விடுமுறை. 1956இல் இதே நாளில் கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டங்களை எதிர்த்து 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் யூனியன் கட்டடத்துக்கு அணிவகுத்துப் போனார்கள். படங்களில் எத்தனையோ பேர் முதுகில் பிள்ளையோடு நிற்கிறார்கள்.

எனக்கு அதைவிட 1913தான் நினைவில் நின்றது. ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்துக் காந்தி நடத்திய போராட்டத்தில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பிய பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். சிலருடைய இடுப்பில் கைக்குழந்தை. நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தில் இறக்கியது அவர்கள்தான். மூன்று மாதம் கடுங்காவல் கிடைத்தது. சிறைக்குள் பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுத்திருப்பார்கள், யார் முன்னால் கொடுத்திருப்பார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் போன நடைப்பயணத்தில் இரண்டு தாய்மார் கையிலிருந்த பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். ஒன்று குளிரிலும் வெயிலிலும் அடிபட்டு இறந்தது, இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாய் கையிலிருந்து நழுவி நீரில் போய்விட்டது. இரண்டு பேரும் நடந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பால் கட்டியிருக்குமே" என்றாள்.

ஆகஸ்ட் 26, சனி

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்கு டாக்ஸியில் போனோம். டாக்ஸி என்றால் இங்கே ஷேர் வேன். பின் சீட்டிலிருந்து சில்லறை கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகும், மீதியும் அதே வழியில் திரும்பி வரும். எனக்கு முன்னால் ஒரு ஜூலுப் பெண், முதுகில் டவலால் கட்டியிருந்த பிள்ளையை அப்படியே முன்பக்கம் சுற்றி இழுத்து, மேல்சட்டையைத் தூக்கிக் கொடுத்தார். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் என் சில்லறையை வாங்கி முன்னால் நீட்டினார். துணியும் இல்லை, துப்பட்டாவும் இல்லை. பள்ளிப் பையன்கள் பக்கத்திலேயே போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா அழுததும் பின்னாலிருந்த ஒரு கோகோ, ஜூலுப் பாட்டி, என் தோளைத் தட்டி, நெஞ்சைக் காட்டி, 'கொடேன்' என்று சைகை செய்தார்.

கொடுத்தேன். மால் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. கூச்சம் என்பது இந்த ஊருடையது இல்லை, அந்தப் பளிங்குத் தரையுடையது என்று தோன்றியது.

செப்டம்பர் 14, வியாழன்

அம்மா ஊருக்குப் போயாயிற்று. பகலில் பாப்பா ஆன்ட்டியிடம். லோட் ஷெட்டிங், முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, மறுபடி மோசம். உறைய வைத்த பால் இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்கக் கூடாது. இன்று இளகியதை இன்றைக்கே கொடுத்தாயிற்று, மிஞ்சியதைச் செம்பருத்திக்கு ஊற்றினேன். வயிறெரிகிறது.

அக்டோபர் 6, வெள்ளி

டாக்டர் ஹூசன் கூவாடியா புதன்கிழமை காலமானார், வயது 83. டர்பன்காரர், குழந்தை மருத்துவர். 2000இல் இந்த ஊரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் எங்கள் மாகாணமான குவாசுலு-நடாலில் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிட்ட முடிவு: எச்ஐவி உள்ள தாய், ஆறு மாதம் வேறெதுவும் கலக்காமல் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால், பாலோடு வேறு உணவும் சேர்த்துக் கொடுப்பதைவிடப் பிள்ளைக்குத் தொற்று ஆபத்து குறைவு.

கிளினிக்கில் தடுப்பூசி போட்ட சிஸ்டர் ஒருமுறை சொன்னது இப்போது புரிகிறது. முன்பெல்லாம் எச்ஐவி உள்ள தாய்மாருக்கு அரசு கிளினிக்கில் இலவசமாக டப்பாப் பால் கொடுப்பார்கள். கையில் டப்பாவோடு தெருவில் நடந்தால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். பயந்துபோய் வீட்டில் டப்பாப் பால், வெளியே தாய்ப்பால் என்று கலந்து கொடுத்தவர்கள் உண்டாம். எது ஆபத்தோ அதையே. 2011இல் தாய்ப்பாலை ஊக்குவிக்க அரசு வெளியிட்ட ஷ்வானே பிரகடனத்தோடு அந்த விநியோகத்தை நிறுத்தினார்கள். மறு வருஷம் டப்பாப் பால் விளம்பரத்துக்கும் தடை வந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைகள் 2003இல் 8 சதவீதம், 2016இல் 32.

எனக்கு ஸ்டேஷனரி அறையில் டோனர்காரர் தட்டியதே பெரிய விஷயமாக இருந்தது. ஊர் பார்வைக்குப் பயந்து பிள்ளையின் உயிரோடு விளையாட வேண்டி வந்தவர்கள் இதே தெருக்களில்தான் இருந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 20, வெள்ளி

பாப்பாவுக்கு ஆறு மாதம். காலையில் ரோடு டு ஹெல்த் என்ற தடுப்பூசி, எடைக் குறிப்புப் புத்தகத்தோடு கிளினிக், ஊசி, அழுகை. இனி கஞ்சி, மசித்த பூசணிக்காய் ஆரம்பிக்கலாம், ஆனால் தாய்ப்பாலை இரண்டு வயது வரை விட வேண்டாம் என்றார் சிஸ்டர். மத்தியானம் ஆபீஸ் போனதும் எச்ஆரிலிருந்து மெயில்: ஆறு மாதம் முடிந்துவிட்டதால் ஸ்டேஷனரி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவும்.

தேதி மட்டும் எவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது பாருங்கள்.

அக்டோபர் 27, வெள்ளி

புதன்கிழமை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. தாய்க்கு நான்கு மாதம், தகப்பனுக்குப் பத்து நாள் என்று பிரித்து வைத்திருப்பது அரசமைப்புக்கு விரோதம். நாடாளுமன்றம் இரண்டு வருஷத்துக்குள் திருத்த வேண்டும், அதுவரை அந்த நான்கு மாதத்தைப் பெற்றோர் இருவரும் தங்களுக்குள் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். அரசமைப்பு நீதிமன்றமும் இதை உறுதிசெய்ய வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "அடுத்த பிள்ளைக்கு நான் ரெண்டு மாசம் எடுத்துக்கறேன்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். டயப்பரும் மாற்றுவார், ராத்திரியில் தூக்கிக்கொண்டு நடக்கவும் செய்வார், அதில் குறை சொல்ல முடியாது. அவர் எடுக்கும் இரண்டு மாதம் யார் கணக்கிலிருந்து போகிறது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, "ஓ" என்றார். நீதிபதி பானையைப் பெரிசாக்கவில்லை, கரண்டியை இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார். தகப்பன்மாருக்கு நியாயம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பால் யாரிடம் ஊறுகிறதோ அவளுக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை.

சாவியை இன்னும் கொடுக்கவில்லை. ஒரு வயது வரையாவது ஒரு நாளைக்கு ஒரு அரை மணி வேண்டுமென்று மேனேஜருக்கு எழுதியிருக்கிறேன், 1998 தொகுப்பு 'ஆறு மாதம்' என்பது குறைந்தபட்சம்தானே, அதற்கு மேல் கொடுக்கக் கூடாதென்று அதில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து போவேன். சாவியைப் பிடுங்கிக்கொண்டால் மீட்டிங் ரூம் இருக்கிறது. அதற்குக் கண்ணாடிக் கதவு, அது அவர்கள் பாடு.