பூட் டிரைவ் செத்த வாரமும் ஆர்எச்சிஎஸ்ஏ தயாரிப்பும்

ரெட் ஹாட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் நிர்வாகிச் சான்றிதழ்த் தேர்வுக்குச் சரியாக ஐந்து வாரம் இருக்கும்போது, என் வீட்டுச் சேமிப்பு சர்வரின் பூட் டிரைவ் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) உயிரை விட்டது. டிஸ்க், எல்விஎம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்தும் பிரித்தும் கையாளும் லினக்ஸ் அடுக்கு) தொடர்பான பாடங்களை அதற்கு முன் இரண்டு முறை படித்து முடித்திருந்தேன். படித்ததற்கும் தெரிந்ததற்கும் உள்ள தூரம் அடுத்த இரண்டு நாள்களில்தான் புரிந்தது. இதே தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், வீட்டில் இப்படியொரு சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் உதவலாம் என்று அதை எழுதுகிறேன்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய மேசைக்கணினி ஒன்றில் ரெட் ஹாட் லினக்ஸுக்கு இணையான இலவச இயங்குதளமான ஆல்மாலினக்ஸ் 9, அதற்கென 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, தரவுக்கு நான்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகள். அந்த நான்கையும் எம்டிஏடிஎம் என்ற கருவி மூலம் ரெய்டு 5 ஆக (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி) இணைத்து, அதன்மேல் எல்விஎம், அதற்கும் மேல் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை என்று அமைத்திருந்தேன். ஒரு டிஸ்க்கின் அளவு பாரிட்டிக்கு (இழந்த தரவை மீட்க உதவும் கணக்கு) போக 12 டிபி கையில் நிற்கும். அன்று காலை பயாஸ் திரையில் நான்கு டிஸ்க்குகளும் தெரிந்தன, எஸ்எஸ்டியை மட்டும் காணவில்லை. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், வேறு கணினியிலும் செருகிப் பார்த்தேன்; எங்கும் அது தலைகாட்டவில்லை. அதற்குள் அக்கா ஃபோனில், "பாப்பா காதுகுத்து போட்டோ எல்லாம் அதுலதானடா இருக்கு?" என்று கேட்டாள். "எங்கேயும் போகாதுக்கா, ரெண்டு நாள் டைம் குடு" என்றேன். சொன்னேனே தவிர, வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தது.

பாடத்தில் படித்தும் மனத்தில் பதியாமல் போன ஒன்று இங்கே கைகொடுத்தது. ஒரு டிஸ்க் எந்த ரெய்டைச் சேர்ந்தது, அதில் அதற்கு எத்தனையாவது இடம் என்ற விவரம் பூட் டிரைவில் இருப்பதில்லை. ஒவ்வொரு தரவு டிஸ்க்கும் தன் சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்புப் பகுதியில் அதைச் சுமந்திருக்கிறது. எம்டிஏடிஎம்மின் 1.2 வடிவத்தில் அது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி எழுதப்பட்டிருக்கும். எல்விஎம்மும் தன் குறிப்புகளைத் தரவு இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்கிறது. பூட் டிரைவோடு போனவை பயனர் கணக்குகள், சாம்பா (கோப்புகளை மற்றக் கணினிகளோடு பகிரும் மென்பொருள்) கடவுச்சொற்கள், எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல்) வரிகள், ஃபயர்வால் விதிகள் போன்ற அமைப்புகள் மட்டுமே. ஆகவே இதில் உண்மையான ஆபத்து செத்த எஸ்எஸ்டி அல்ல. பதற்றத்தில் நல்ல டிஸ்க்கின்மேல் நாமே எதையாவது எழுதிவிடுவதுதான்.

அதனால் புதிய எஸ்எஸ்டியில் இயங்குதளத்தை நிறுவும்போது, நான்கு தரவு டிஸ்க்குகளின் கேபிள்களையும் கழற்றி வைத்துவிட்டேன். நிறுவும் திரையில் தவறான டிஸ்க்கில் ஒரு டிக் விழுந்தால் போதும், அத்தனையும் போய்விடும். கேபிள்களைத் திரும்ப எந்த வரிசையில் செருகினாலும் ரெய்டு தன் டிஸ்க்குகளை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனாலும் டிஸ்க்குகளின் சீரியல் எண்களை அப்போதே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

கேபிள்களைச் செருகி மீண்டும் இயக்கியபோது, ரெய்டு தானாகவே ஒன்றுசேர்ந்திருந்தது. பழைய எம்டி0 என்ற பெயர் போய் எம்டி127 என்று வந்திருந்தது. புதிய இயங்குதளத்தில் பழைய எம்டிஏடிஎம் கோப்பு இல்லாததால் வந்த மாற்றம் அது, பயப்பட ஒன்றுமில்லை. நான்கு டிஸ்க்குகளின் சூப்பர்பிளாக்கையும் படித்துப் பார்த்ததில், ஈவென்ட்ஸ் எண்ணிக்கை (ரெய்டில் நடந்த மாற்றங்களின் கணக்கு) நான்கிலும் ஒன்றாகவே இருந்தது. அதாவது ஒன்றும் பின்தங்கவில்லை. நிம்மதியாக, எல்விஎம்முக்குத் தெரிந்த டிஸ்க்குகளைப் பட்டியலிடும் பிவிஎஸ் கட்டளையை அடித்தேன். வந்தது ஒரே வரி, அதுவும் புதிய எஸ்எஸ்டியுடையது. ரெய்டின்மேல் எல்விஎம்மில் அமைத்திருந்த 12 டிபி வால்யூம் குரூப் இருந்த சுவடே இல்லை.

மூன்றாம் முறை அடித்தும் அதே ஒரு வரிதான். அந்த நிமிடத்தில் என் விரல்கள், டிஸ்க்கை எல்விஎம்முக்குப் புதிதாகத் தயார்செய்யும் பிவிகிரியேட் கட்டளையைத் தட்டத் தொடங்கியிருந்தன, ஏனென்றால் பயிற்சியில் பிவிஎஸ் வெறுமையாக இருந்தால் அடுத்து அடிப்பது அதுதான். அடித்திருந்தால் இருந்த குறிப்புகளின்மேல் கை வைக்கும் அபாயம் இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எல்விஎம்மின் மேன் பக்கத்தை (கட்டளைக் கையேடு) நிதானமாகப் படித்தபோது காரணம் கிடைத்தது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வரிசையில் எல்விஎம், தன்னிடமுள்ள டிவைசஸ் கோப்பில் பதிவான டிஸ்க்குகளை மட்டுமே கண்டுகொள்கிறது. புதிதாக நிறுவிய கணினியில் அந்தப் பட்டியலில் எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கும். பழைய வால்யூம் குரூப்பை அதில் சேர்க்க விஜிஇம்போர்ட்டிவைசஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதை அடித்ததும் குரூப் பெயர் திரையில் வந்தது. பழைய பதிப்புகளுக்கு எழுதிய வழிகாட்டிகளைப் பார்த்துப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள்.

அப்போதும் உடனே வழக்கம்போல் மவுன்ட் செய்யவில்லை (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்கவில்லை). படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தாலும் எக்ஸ்எஃப்எஸ் தன் லாகை (மாற்றங்களின் பதிவேடு) ஓட்டிப் பார்த்து டிஸ்க்கில் எழுதக்கூடும் என்பதால், நோரெகவரி என்ற விருப்பத்தையும் சேர்த்து மவுன்ட் செய்து, காதுகுத்துப் படங்களை முதலில் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அக்காவுக்கு ஒரு படத்தை அனுப்பிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் முழுவதையும் சில்லறை வேலைகள் தின்றுவிட்டன. கோப்புகளின் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001, 1002 என்று வெறும் எண்கள் நின்றன. கோப்பு முறைமை எண்ணைத்தான் வைத்திருக்கிறது, பெயர் எஸ்எஸ்டியோடு போய்விட்டது. பழைய எண்களைக் குறிப்பிட்டே பயனர்களை மீண்டும் உருவாக்க வேண்டும். வரிசை மாறினால் அப்பாவின் கோப்புகள் தம்பிக்குச் சொந்தமாகிவிடும். எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸின் முத்திரைகள் கோப்புகளோடு அப்படியே இருந்தன, ஆனால் நான் சேர்த்திருந்த விதிகள் இல்லை. அதைக் கவனிக்காமல், முத்திரைகளை விதிப்படி மாற்றும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டியதில் சாம்பா பகிர்வு ஒன்று அடைபட்டுப்போனது. விதியை எழுதி மறுபடி ஓட்டியபின் சரியானது.

இவற்றில் ரெய்டு மட்டும்தான் நான் எழுதிய தேர்வின் பாடத்திட்டத்தில் இல்லை. எல்விஎம், யுயுஐடி (கோப்பு முறைமையின் தனி அடையாள எண்) வைத்து மவுன்ட் செய்வது, பயனர்கள், எஸ்இலினக்ஸ், ஃபயர்வால் எல்லாமே அதில் உள்ளவை. தேர்வு மூன்று மணி நேரச் செய்முறை. 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டே எழுதுகிறோம் என்பதால் அவற்றைக் கேட்க வேண்டாம். பாடத்திட்டத்திலேயே சொல்லியிருப்பது ஒன்றுண்டு: நாம் செய்தது மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டும். எஃப்எஸ்டேபில் ஓர் எழுத்து பிசகினாலும் கணினி எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடக்கூடும்.

மீதமிருந்த வாரங்களில், மெய்நிகர் கணினி ஒன்றில் 2 ஜிபி அளவுள்ள நான்கு டிஸ்க்குகளை வைத்து இதே அமைப்பைக் கட்டி, இயங்குதள டிஸ்க்கை நானே அழித்துவிட்டு மீட்டுப் பழகினேன். முதல் முறை ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஐந்தாம் முறை நாற்பது நிமிடம். ஒவ்வொரு முறையும் எழுதும் கட்டளைக்கு முன் படிக்கும் கட்டளை இரண்டையாவது அடிப்பது என்று வைத்துக்கொண்டேன். தேர்வறையில் கை நடுங்கியபோதும் அது தானாக வந்தது.

சர்வரில் இப்போது ஞாயிறுதோறும், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையும் சாம்பாவின் கடவுச்சொல் கோப்பும் ஒரே டார் கோப்பாகி, ரெய்டில் ஒரு நகலும் என் மடிக்கணினியில் ஒரு நகலுமாகப் போகின்றன. சீரியல் எண்கள் எழுதிய அந்தத் தாளை கேபினட்டின் உள்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.