சுவரைப் பார்க்கும் வேலை

கிளமிடியாவோடு வேலை செய்பவர்களின் நேர அட்டவணையை அந்த பாக்டீரியாதான் போடுகிறது. காலையில் ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்கள்) தொற்றை ஏற்றினால், உள்ளே நுழைந்த கிருமி பெருகும் வடிவத்துக்கு மாற அன்று சாயங்காலம் ஆகிவிடும். பெருகி முடித்து செல்லை விட்டு வெளியே வர இரண்டு, மூன்று நாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதற்கென்ன?

சேர்ந்த புதிதில் என் கண் பாக்டீரியாவின் மேலேயே இருந்தது. எத்தனை இருக்கின்றன, எவ்வளவு பெருகின, அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்ல அவற்றைச் சுற்றியிருக்கும் சவ்வின் பக்கம் கவனம் போனது. செல்லுக்குள் கிளமிடியா தனக்கென ஒரு பையில் வாழ்கிறது, இன்க்ளூஷன் என்கிறோம். அந்தச் சவ்வின் கொழுப்பு பெரும்பாலும் செல்லிடமிருந்து வந்தது. ஆனால் பாக்டீரியா ஊசி போன்ற தன் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு வழியாக ‘இன்க்’ புரதங்களை அனுப்பி அதில் பதித்துவிடுகிறது. வீடு செல்லுடையது, பூட்டு மட்டும் குடியிருப்பவருடையது. அதனால்தான் உள்ளே வந்ததைச் செரித்து அழிக்கும் செல்லின் லைசோசோம்கள் அந்தப் பையோடு வந்து கலப்பதில்லை.

சுமார் 900 ஜீன்களே உள்ள உயிரி இது. தேவையில்லாததையெல்லாம் தூக்கிப்போட்ட பிறகும், 50க்கும் மேற்பட்ட ஜீன்களை இந்த ஒரு சவ்வுக்காக வைத்திருக்கிறது. சவ்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இன்க் புரதங்கள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இன்க்ஏ. ஒரே செல்லில் பல கிருமிகள் புகுந்தால் முதலில் தனித்தனிப் பைகள்தான் உண்டாகும். 37 டிகிரியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய பையாகிவிடும். இன்கியூபேட்டரை 32 டிகிரியில் வைத்தால் இன்க்ஏ சவ்வுக்குப் போய்ச் சேராது; பைகளும் சின்னச் சின்னதாகத் தனித்தே நிற்கும். ஐந்து டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்கு விரிவுரை எதுவும் நடத்தாமல் இந்த இரண்டு ஸ்லைடுகளையும் மைக்ரோஸ்கோப்பில் காட்டிவிடுவேன்.

மற்றவை வேறு வேலை பார்க்கின்றன. இன்க்டி, செராமைடு என்ற கொழுப்பைச் சுமந்து செல்லும் செல்லின் சொந்தப் புரதத்தையே பிடித்து வைத்துக்கொள்கிறது. கொழுப்பு பைக்கு வருகிறது. இன்க்இ பிடிப்பது, செல்லுக்குள் பொருள்களை இடம் மாற்ற உதவும் எஸ்என்எக்ஸ்5 புரதத்தை. சிபிஓஎஸ் என்ற இன்னொரு இன்க் புரதம் இல்லாத கிளமிடியாவை ஏற்றினால், பாக்டீரியா வளர்ந்து முடிப்பதற்குள் செல்லே செத்துப்போகிறது. சாதாரண கிளமிடியா ஏற்றிய தட்டு செழித்துக் கிடக்கும்போது இந்தத் தட்டு காலியாகக் கிடக்கும்.

இந்த மாதிரி ஒரு ஜீனை எடுத்துவிட்டுப் பார்ப்பதெல்லாம் சமீபத்திய வசதி. கிளமிடியாவுக்குள் நம்பகமாக டிஎன்ஏ செலுத்தும் முறை 2011இல்தான் வந்தது. அதற்கு முன்னால் இன்க் புரதத்தை மனித செல்லில் உற்பத்தி செய்து பார்த்து, பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடிந்தது. ஜீனின் வரிசையைப் பார்த்துக் கணினி ‘இது இன்க்’ என்று சொல்லிவிடும். சவ்வில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறதா என்பதை அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும், சில உட்காருவதில்லை.

இப்போது என் வேலை, ஒவ்வொரு இன்க் புரதமும் செல்லின் எந்தப் புரதத்தைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. சவ்விலிருந்து உருவி எடுப்பதில்தான் தலைவலி. டிடர்ஜென்ட் கொஞ்சம் கூடினால் கூட்டாளிப் புரதம் கழன்று போய்விடும், குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து சம்பந்தமில்லாததெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். இந்த மாதம் முழுக்க அந்த அளவைச் சரிபண்ணுவதிலேயே போகிறது.